மரத்துப்போகும் ஊசி போட்டு மூக்கெலும்பை நிமிர்த்துவது: புதிதாகக் கற்கும் மருத்துவர்களுக்கு

உடைந்து சாய்ந்த மூக்கெலும்பைத் தூக்கி நேராக்கும் வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த அரை நிமிடம் சரியாக அமைவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் உழைக்க வேண்டும். புதிதாக இ.என்.டி. பிரிவுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களும் முதலாண்டு முதுநிலை மாணவர்களும் பெரும்பாலும் கருவியைப் பிடிக்கும் விதத்தைக் கற்கத்தான் ஆசைப்படுகிறார்கள். நோயாளி துடிப்பதும், மூக்கு மறுபடி கோணலாவதும் கருவிப் பிடியால் அல்ல. இரு மூக்குத்துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரைப் பார்க்காமல் விட்டது, நாள் தப்பியது, மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்காதது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரும்பகுதி, எலும்பில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே இருக்கும்.

இங்கே சொல்வது எளிய முறிவுக்கு மட்டும்: தோல் கிழியாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்த அல்லது ஒரு பக்கம் உள்ளே அமுங்கிய மூக்கெலும்பு. முதல் சில நோயாளிகளுக்கு அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். படித்துவிட்டுத் தனியாகச் செய்யும் வேலை இல்லை இது.

மூக்கைப் பார்க்கும் முன்

கோணலான மூக்கும் ரத்தமும் கண்ணை இழுக்கும். அதற்கு முன் மூச்சுவழி, நினைவு, கழுத்து மூன்றையும் பாருங்கள். பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தவருக்குத் தலைக்காயம், கழுத்தெலும்பு முறிவு, மேல்தாடை முறிவு எல்லாம் கூடவே இருக்கலாம். நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா என்று கூட வந்தவரிடமும் கேளுங்கள். பார்வை சரியா, இரட்டையாகத் தெரிகிறதா, பற்கள் முன்போலச் சேர்ந்து கடிக்கின்றனவா, கன்னம் மரத்திருக்கிறதா என்பதைக் கேட்டும் தொட்டும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு கண்களின் உள்முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். வளர்ந்தவர்களுக்குச் சாதாரணமாக 30 முதல் 35 மி.மீ. இருக்கும். அதைவிடத் தெளிவாக அகன்று, மூக்கின் வேர்ப்பகுதி தட்டையாகப் பின்னால் போயிருந்தால், அது மூக்கெலும்போடு நிற்கும் முறிவு அல்ல. கண்குழியின் உள்சுவரும் சேர்ந்து நொறுங்கியிருக்கலாம். சி.டி. எடுக்க வேண்டும், ஊசி போட்டுச் செய்யும் பேச்சே கூடாது. தலை குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினால் மூளைத் தண்டுவட நீர்க்கசிவைச் சந்தேகியுங்கள். துணியில் விழும் சொட்டைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். ரத்தத்தோடு கண்ணீரோ சளியோ கலந்தாலும் அப்படி வளையம் வரும். மூளை நீரில் இருக்கும் புரதத்தைக் கண்டறியும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

காயம் எப்படிப் பட்டது என்று கேட்பதிலும் கவனம் வேண்டும். பக்கவாட்டில் விழுந்த அடி மூக்கைச் சாய்க்கும். நேர் எதிரே விழுந்த அடி மூக்கை அமுக்கி நடுச்சுவரை உடைக்கும். கபடி ஆட்டத்தில் முழங்கை பட்டதா, கிரிக்கெட் பந்து நேராக வந்து விழுந்ததா என்பதிலேயே பாதி நோயறிதல் இருக்கிறது. பெண் நோயாளி 'கதவில் இடித்துக்கொண்டேன்' என்று சொல்லி, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பார்த்துப் பேசினால், கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை வாயால் சொல்லிக் கொடுங்கள். கையில் காகிதம் கொடுத்தால் அது வீட்டில் யார் கண்ணிலாவது படலாம்.

நடுச்சுவர்

கூடாரத்தின் நடுக்கம்பு போல, மூக்கின் உயரத்தைத் தாங்குவது நடுச்சுவர். கம்பு மடங்கியிருக்கும்போது துணியை இழுத்து நேராக்கி என்ன பயன்? மூக்கெலும்பை எவ்வளவு அழகாக நிமிர்த்தினாலும், உள்ளே உடைந்து மடங்கிய குருத்தெலும்பு சில வாரங்களில் அதை மறுபடி தன் பக்கம் இழுத்துவிடும். தோலை வெட்டாமல் மூடிய முறையில் நிமிர்த்திய மூக்குகளில் 14 முதல் 50 சதவீதம் வரை ஏதாவது கோணல் மிஞ்சுவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதற்கு முதன்மையான காரணம் கவனிக்காமல் விட்ட நடுச்சுவர் முறிவு.

ரத்தக்கட்டிகளை சக்‌ஷனால் எடுத்து, வீக்கத்தைச் சுருக்கும் சைலோமெட்டசோலின் அடித்து, ஐந்து நிமிடம் விட்டு, மூக்குத்துளையை விரிக்கும் தூடிகம் ஸ்பெகுலம் வைத்து இரு பக்கமும் பாருங்கள். தேடுவது நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்பதைத்தான். ஒரு பக்கமோ இரு பக்கமோ செந்நீலமாகப் புடைத்திருக்கும். மருந்து அடித்தும் சுருங்காது. பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டால் பஞ்சணையாக அமுங்கும். வெறும் கோணலான நடுச்சுவர் கெட்டியாக இருக்கும், ஒரு பக்கம் புடைத்திருந்தால் மறுபக்கம் குழிந்திருக்கும். ரத்தக்கட்டில் பல நேரம் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். பார்த்தால் மட்டும் போதாது, தொட்டே ஆக வேண்டும்.

இதில் இவ்வளவு அவசரம் ஏன் என்றால், குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் ஊட்டம் வருகிறது. இடையில் ரத்தம் தேங்கி உறை விலகினால் மூன்று நான்கு நாட்களில் குருத்தெலும்பு செத்துவிடும், சீழும் பிடிக்கும். மூக்கு முதுகு குழிந்து குதிரைச் சேணம் போல ஆகிவிடும். சீழ் கண்குழிக்குப் பின்னால் உள்ள சிரைகள் வழியே மூளை வரை போகலாம். ஆகவே ரத்தக்கட்டைக் கண்ட அன்றே வெட்டி வடிக்க வேண்டும். மூக்கு நிமிர்த்துவது பிறகு. சளிப்படலத்தில் சிறிய வெட்டு போட்டு, கட்டியை உறிஞ்சி, கையுறை ரப்பர் துண்டு ஒன்றை வடிகாலாக விட்டு, இரு பக்கமும் பேக் (மூக்குக்குள் அடைத்து அழுத்தும் துணித்திரி) வையுங்கள். இரு பக்கமும் வெட்ட நேர்ந்தால் வெட்டுகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரே அமையக் கூடாது, பின்னாளில் அங்கே ஓட்டை விழும். ஆன்டிபயாடிக் அவசியம். அடிபட்ட அன்று ரத்தக்கட்டு இல்லாவிட்டாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரலாம் என்பதால் 48 மணி நேரத்துக்குள் ஒருமுறை திரும்ப வரச் சொல்லிப் பாருங்கள்.

யாருக்கு, எந்த நாளில்

வீக்கம் ஏறும் முன், அதாவது முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்தால் அப்போதே செய்யலாம். ஆனால் அப்படி வருபவர்கள் குறைவு. வீங்கிய மூக்கில் எது நேர், எது கோணல் என்று எவராலும் சொல்ல முடியாது. வீக்கம் வடிய விட்டு, 5 முதல் 7 நாளில் மறுபடி பார்த்து, பெரியவர்களுக்கு 10 நாளுக்குள், மிஞ்சினால் 14 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு எலும்பு வேகமாகக் கூடும் என்பதால் ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டும். அவர்களுக்கு முழு மயக்கம்தான் ஏற்றது. மறுசந்திப்பு நாளைச் சீட்டில் தேதியோடு எழுதிக் கொடுங்கள். 'வீக்கம் வடிந்ததும் வாங்க' என்று வாய்மொழியாகச் சொன்னால் மூன்றாவது வாரம் வருவார்கள்.

ஊசி போட்டுச் செய்வது மட்டமான மாற்று வழி என்று நினைக்க வேண்டாம். 1980களின் இறுதியிலிருந்தே பிரிட்டனில் முழு மயக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எளிய முறிவுகளில் முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் நாளுக்காகக் காத்திருந்து 14 நாள் தாண்டிப் போவதைவிட, எட்டாம் நாள் மைனர் தியேட்டரில் ஊசி போட்டுச் செய்வது நோயாளிக்கு நல்லது.

இந்த முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள்: குழந்தைகள், ஊசியைக் கண்டாலே மயங்கிவிடுபவர்கள், எலும்பு பல துண்டாக நொறுங்கியவர்கள், நடுச்சுவர் மோசமாக மடங்கி மூக்கு அடைத்தவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் மருந்து ஒவ்வாதவர்கள், பி.பி. கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவரா என்று கேளுங்கள். இதய நோய்க்காக க்ளோபிடோக்ரல் எடுப்பவரிடம் நீங்களாக அதை நிறுத்தச் சொல்லக் கூடாது, இதய மருத்துவரிடம் பேசுங்கள்.

மூக்கு பார்வைக்கு நேராக இருந்து, மூச்சும் தடையில்லாமல் போனால், எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சிகிச்சையைத் தீர்மானிப்பதற்கு எக்ஸ்ரேயால் பெரிதாக உதவி கிடையாது. பழைய முறிவும் எலும்புகளுக்கிடையே உள்ள இயல்பான கோடும் புது முறிவு போலத் தெரியும், குருத்தெலும்பு தெரியவே தெரியாது. ஆனால் அடிதடி வழக்கென்றால் எக்ஸ்ரே வேண்டும். எலும்பு முறிவு கொடுங்காயம் என்ற வகையில் வருகிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 320ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 116ஆம் பிரிவில் இருக்கிறது. விபத்துப் பதிவேட்டில் நீங்கள் எழுதும் ஒரு வரியால் ஒருவர் சிறைக்குப் போகலாம், இன்னொருவருக்கு நியாயம் கிடைக்கலாம். நிமிர்த்துவதற்கு முன்பே அளவு, திசை, தோலில் உள்ள கன்றல் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிடுங்கள்.

நேராக முன்னாலிருந்து, இரு பக்கவாட்டிலிருந்து, கீழிருந்து, உச்சியிலிருந்து போட்டோ எடுங்கள். அடிபடுவதற்கு முன் எடுத்த படம் ஒன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். செல்போனில் கட்டாயம் இருக்கும். பிறவியிலேயே சற்றுச் சாய்ந்த மூக்கை நேராக்க முயன்று மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஒப்புதல் படிவத்தில், கோணல் கொஞ்சம் மிஞ்சலாம், ஆறு மாதம் கழித்து இன்னொரு அறுவை தேவைப்படலாம் என்பதைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

தட்டில் வைக்க வேண்டியவை

ஹெட்லைட், சக்‌ஷன், தூடிகம் ஸ்பெகுலம், டில்லி ஃபோர்செப்ஸ், எலும்பை உள்ளிருந்து தூக்கும் பாய்ஸ் எலிவேட்டர். பாய்ஸ் இல்லாத இடத்தில் ஹோவார்த் எலிவேட்டர் போதும். எலும்பைப் பிடித்துத் திருப்பும் வால்ஷாம் ஃபோர்செப்ஸ் இடது, வலது என இரண்டு. வெளியே தோலைப் பிடிக்கும் அலகில் ரப்பர் குழாய் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தோல் நசுங்கும். நடுச்சுவருக்கு ஆஷ் ஃபோர்செப்ஸ். ரிப்பன் காஸ், மூக்குக்குள் வைக்கும் மெரோசெல் பஞ்சு, அரை அங்குல மைக்ரோபோர், மாவுக்கட்டு அல்லது தெர்மோபிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட், 2 மி.லி. சிரிஞ்சுகள், 26 அல்லது 30 கேஜ் ஊசி.

இவற்றோடு ஆக்சிஜன், பல்ஸ் ஆக்சிமீட்டர், பி.பி. கருவி, அட்ரோபின், மிடாசோலம், மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறினால் கொடுக்கும் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளியின் கையில் சிரைவழி மருந்து ஏற்ற ஒரு வென்ஃப்ளான் போட்டுவிடுங்கள். மூக்குத்தி இருந்தால் முன்கூட்டியே கழற்றச் சொல்லுங்கள். பல வருடம் கழற்றாத திருகு இறுகியிருக்கும், மரத்த பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் ஈரக்கையில் வழுக்கி உள்ளே விழும் ஆபத்து உண்டு.

மரத்துப்போக வைப்பது

முதலில் கணக்கு. லிக்னோகைனில் 1 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 10 மி.கி. அப்படியானால் 2 சதவீதத்தில் 20 மி.கி., 4 சதவீதத்தில் 40 மி.கி., 10 சதவீத ஸ்ப்ரேயில் ஒரு அழுத்துக்கு 10 மி.கி. அட்ரினலின் கலந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி. உச்சம், கலக்காவிட்டால் 3 மி.கி. என்றே வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு அட்ரினலினோடு 420 மி.கி. வரை போகலாம். கீழே சொல்லும் முறையில் உள்ளே வைக்கும் திரிக்கு 3 மி.லி. 4 சதவீதம், அதாவது 120 மி.கி.; ஊசியில் 4.5 மி.லி. 2 சதவீதம், அதாவது 90 மி.கி. இரண்டும் சேர்ந்து 210. பாதிதான். உள்ளே தடவுவதும் உடலில் ஏறும் என்பதை மறந்து, ஸ்ப்ரேயைத் தாராளமாக அடித்துவிட்டு ஊசியை மட்டும் கணக்கில் எடுப்பது வழக்கமான தவறு.

இந்த வேலையில் உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. மேலே தடவ வேண்டிய 4 சதவீத மருந்தையோ, நீர்க்காத 1:1000 அட்ரினலினையோ சிரிஞ்சில் எடுத்து வைத்து, அதையே ஊசியாகப் போட்டுவிடுவது. தடவும் மருந்தைச் சிரிஞ்சில் வைக்கவே வைக்காதீர்கள். கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தின் மேல் பெயர் ஒட்டுங்கள். ஊசி மருந்தை நீங்களே குப்பியைப் படித்து எடுங்கள்.

நோயாளியைச் சாய்ந்த நிலையில், தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்திப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுத்தால் ரத்தம் தொண்டைக்குப் போய் வாந்தி வரும். நிமிர்ந்து உட்கார வைத்தால் மயங்கி விழுவார். வெறும் வயிற்றிலும் வேண்டாம்; இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லி போல லேசாக ஏதாவது சாப்பிட்டிருக்கலாம். ரத்தம் வரக்கூடிய மூக்கில் வேலை செய்யும்போது, மயக்க மருத்துவர் இல்லாமல் தூக்க ஊசியைச் சேர்க்காதீர்கள்.

உள்ளே: ரத்தக்குழாயைச் சுருக்கும் 0.05 சதவீத ஆக்சிமெட்டசோலின் இரு துளையிலும் இரண்டு அழுத்து. ஐந்து நிமிடம். பிறகு 4 சதவீத லிக்னோகைன் 3 மி.லி.யோடு 1 மி.லி. ஆக்சிமெட்டசோலின் கலந்து, அதில் ரிப்பன் காஸ் திரிகளை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு பக்கமும் மூன்று வையுங்கள். முதலாவது, கூரையை ஒட்டி மூக்கெலும்பின் அடியில். முன் எத்மாய்டு நரம்பு அங்கே வருகிறது. இரண்டாவது, மூக்கின் பக்கச் சுவரில் நீட்டியிருக்கும் நடு டர்பினேட்டின் பின்முனை அருகே, ஸ்ஃபீனோபாலட்டைன் நரம்புக்காக. மூன்றாவது, தரையிலும் நடுச்சுவரை ஒட்டியும். கூரைத் திரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எலிவேட்டர் போய்த் தொடும் இடமும் அதுவே. வைத்த திரிகளை எண்ணி எழுதி, எடுக்கும்போது மறுபடி எண்ணுங்கள். 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள்.

வெளியே: 2 சதவீத லிக்னோகைன், 1:2,00,000 அட்ரினலினோடு. 9 மி.லி. மருந்துக்கு 1 மி.லி. 7.5 சதவீத சோடா பைகார்ப் கலந்தால் எரிச்சல் குறையும். குப்பியைக் கையில் சற்று நேரம் பொத்தி வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவருவதும் உதவும். மூக்கு நுனிக்கு அட்ரினலின் ஆகாது என்ற பயம் புதியவர்களுக்கு உண்டு. இவ்வளவு நீர்த்த மருந்தை இந்தச் சிறிய அளவில் போடுவதால் கெடுதல் வராது, மூக்குக்கு ரத்த ஓட்டம் ஏராளம்.

மூன்று இடங்கள், இரு பக்கமும். முதலில் கண்ணுக்குக் கீழ் நரம்பு: நேராகப் பார்க்கச் சொல்லி, கருவிழிக்கு நேர் கீழே, கண்குழி விளிம்பிலிருந்து ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் கீழே 1 மி.லி. உங்கள் இடது ஆள்காட்டி விரல் விளிம்பின் மேல் காவலாக இருக்கட்டும், ஊசி கண்ணை நோக்கி நழுவாது. நரம்பு வெளிவரும் எலும்புத் துளைக்குள் ஊசியைச் செருக வேண்டாம், அந்தத் துளையின் முகப்பில் போட்டாலே போதும். இரண்டாவது, கண் உள்முனைக்குச் சற்று மேலே, மூக்கின் வேர் கண்குழியைச் சந்திக்கும் இடத்தில், எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியில் 0.5 மி.லி. ஆழமாகப் போகாதீர்கள். மூன்றாவது, மூக்கு முதுகில் எலும்பு முடிந்து குருத்தெலும்பு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் 0.5 மி.லி.; வெளி மூக்கு நரம்பு அந்த இடைவெளியில்தான் வெளியே வருகிறது. இரு பக்கத்துக்கும் சேர்ந்து 4 மி.லி. ஆகிறது. நடுச்சுவரைத் தூக்க வேண்டியிருந்தால் மட்டும் அதன் அடிப்பகுதியில் முன்னால் 0.5 மி.லி.

ஒவ்வொரு முறையும் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் செலுத்துங்கள். அதிகம் போட்டால் நன்றாக மரக்கும் என்று நினைத்து மூக்கு முதுகில் 3 மி.லி. செலுத்தினால் மூக்கு ஊதிப் போய், நேரானதா இல்லையா என்று பார்க்க முடியாமல் போகும்.

பிறகு 10 நிமிடம் காத்திருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் திருடுகிறார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஊசி முனையால் முதுகு, இரு பக்கம், நுனி, உள்ளே எலும்பின் அடி எனத் தொட்டு நோயாளியிடம் கேளுங்கள். ஓரிடம் மரக்காவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி சிறிது போட்டு மறுபடி காத்திருங்கள்.

உதட்டைச் சுற்றி மரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், பேச்சுக் குழறல் என்று நோயாளி சொன்னால் மருந்து ரத்தத்தில் ஏறியிருக்கிறது. வேலையை நிறுத்தி ஆக்சிஜன் கொடுத்து ஆள் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தால் மிடாசோலம். கூடவே 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் கிலோவுக்கு 1.5 மி.லி. ஒரே முறையாக, பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. வெளிறி வியர்த்து நாடி மெதுவானால் அது பெரும்பாலும் பயத்தில் வரும் மயக்கம், தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தினால் தெளிவார். மூக்கில் வைத்த ரத்தக்குழாய் சுருக்கும் மருந்தால் பி.பி. திடீரென்று ஏறினால், அதைக் குறைக்க லாபெட்டலால் போன்ற பீட்டா பிளாக்கரைக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்ததால் நுரையீரலில் நீர் கோத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். திரியை எடுத்துவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் தானே இறங்கும்.

நிமிர்த்துவது

நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, அழுத்துறது தெரியும், கறக்குன்னு ஒரு சத்தம் கேட்கும், பயப்படாதீங்க. சுருக்குன்னு வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்." தலையைப் பிடிக்க ஒருவர் பின்னால் நிற்கட்டும்.

வெறுமனே ஒரு பக்கம் சாய்ந்த மூக்குக்குக் கருவி தேவைப்படாமலும் போகலாம். இரண்டு கட்டைவிரல்களையும் குவிந்த பக்கத்து எலும்பின் மேல் வைத்து, மற்ற விரல்களால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, விடாமல் ஒரே அழுத்தாக நடுக்கோட்டை நோக்கித் தள்ளுங்கள். அசைந்து பொருந்துவது விரலில் தெரியும். வெட்டி வெட்டித் தள்ளினால் வலிதான் மிச்சம்.

ஒரு பக்கம் அமுங்கியிருந்தால் எலிவேட்டர். உள்ளே விடும் முன் வெளியே வைத்து அளவு எடுங்கள்: முனையைக் கண்களின் உள்முனைகளை இணைக்கும் கோட்டில் வைத்து, மூக்குத்துளை விளிம்பு வரும் இடத்தைக் கட்டைவிரலால் பிடித்து, அதிலிருந்து ஒரு செ.மீ. குறைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த விரல் மூக்குத்துளையைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. அதற்கு மேலே மூளைக்கும் மூக்குக்கும் இடையில் இருப்பது துளைகள் நிறைந்த மெல்லிய எலும்புத் தகடு.

எலிவேட்டரை அமுங்கிய எலும்பின் அடியில் விட்டு, முன்னாலும் வெளிப்பக்கமாகவும் தூக்குங்கள். கைப்பிடியை மூக்குத்துளை விளிம்பில் ஊன்றி நெம்பினால் விளிம்பும் நடுச்சுவரும் நசுங்கும். முழுக் கருவியும் சேர்ந்து எழ வேண்டும். மற்றக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளியே எலும்பின் மேலேயே இருக்கட்டும். ஒரு பக்கம் தூக்கும்போது மறுபக்கம் வெளியே தள்ளியிருக்கும் எலும்பை அதே நேரம் கட்டைவிரலால் உள்ளே தள்ளலாம். எலும்பு மாட்டிக்கொண்டு அசையாவிட்டால் முதலில் கோணல் இருக்கும் திசையிலேயே சற்று அதிகப்படுத்தி விடுவித்து, பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நேராக நடுவுக்கு இழுத்தால் பச்சைக்கொம்பு போல வளைந்துவிட்டு மறுபடி பழைய இடத்துக்குப் போகும். அதற்கும் அசையாவிட்டால் வால்ஷாம்: ஒரு அலகு உள்ளே, ரப்பர் மாட்டிய அலகு வெளியே, எலும்பைப் பிடித்து முதலில் வெளிப்பக்கம், பிறகு உள்பக்கம் திருப்புங்கள்.

எலும்பு அமர்ந்ததும் நடுச்சுவரை மறுபடி பாருங்கள். தன் பள்ளத்திலிருந்து நழுவியிருந்தால் ஆஷ் ஃபோர்செப்ஸின் இரு அலகையும் இரு துளையில் விட்டு, நசுக்காமல் பிடித்து, மேலும் முன்னுமாகத் தூக்குங்கள். ஊசியில் செய்யும்போது இதுதான் அதிகம் வலிக்கும் கட்டம். ஒருமுறை முயன்று வராவிட்டால் முழு மயக்கத்துக்கு மாற்றுங்கள்.

முன்னாலிருந்து, நோயாளியின் தலைமாட்டில் நின்று உச்சியிலிருந்து, கீழிருந்து என மூன்று கோணத்தில் பார்த்து, விரலை முதுகில் ஓட்டிப் படி தட்டுகிறதா என்று உணருங்கள். மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம். எலும்பு துண்டாகி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போகும். ரத்தம் கொஞ்சம் வரும். மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் அழுத்திப் பிடித்து, தலையை முன்னால் சாய்த்து, வாய்க்கு வருவதைத் துப்பச் சொன்னால் நிற்கும்.

பேக்கும் கட்டும்

எலும்பு தானாக நிற்கிறதென்றால் பேக் வேண்டாம். பழக்கத்துக்காக வைக்கப்படும் பேக் நோயாளிக்குத் தூக்கமில்லாத இரவைத் தவிர வேறெதையும் தராது. எலும்பு உள்ளே சரிந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ வையுங்கள். நூலைக் கன்னத்தில் ஒட்டுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

வெளிக்கட்டுக்கு முன் ஸ்பிரிட்டால் தோலைத் துடையுங்கள், நம் ஊர் வெயிலில் எண்ணெய் வழியும் மூக்கில் எதுவும் ஒட்டாது. மைக்ரோபோரை மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி ஒட்டுங்கள். மாவுக்கட்டென்றால் 6 முதல் 8 மடிப்பு, மேலே குறுகிக் கீழே அகன்ற வடிவில் வெட்டி, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வையுங்கள். வெந்நீர் வேண்டாம், மாவு இறுகும்போது தானே சூடாகும். புருவத்தில் வாசலின் தடவி, கண்ணை ஈரப் பஞ்சால் மூடிக்கொள்ளுங்கள். இறுகும்வரை இரு விரலால் பக்கவாட்டில் மெதுவாகப் பிடித்திருங்கள். மேலிருந்து அழுத்தினால் தூக்கிய எலும்பு மறுபடி இறங்கும். 7 நாள் இருக்கட்டும்.

பழைய எகிப்தில் சுமார் கி.மு. 1600-இல் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுருளிலும் உடைந்த மூக்குக்கு இதே வரிசைதான்: உள்ளே உறைந்த ரத்தத்தைச் சுத்தம் செய், கொழுப்பில் நனைத்த துணித்திரியை வை, வெளியே விறைப்பான துணிச்சுருளால் கட்டு. மரத்துப்போகும் மருந்து மட்டும் அவர்களிடம் இல்லை. லிக்னோகைனை ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்க்ரென் தயாரித்தது 1943-இல்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது

அரை மணி நேரம் உட்கார வைத்து, தொண்டையில் ரத்தம் இறங்கவில்லை என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து அனுப்புங்கள். தொண்டை மரத்திருக்கும் என்பதால் ஒரு மணி நேரத்துக்குச் சூடாக எதுவும் குடிக்க வேண்டாம். தனியாக வண்டி ஓட்டிப் போக வேண்டாம்.

வலிக்கு பாராசிட்டமால் 650 மி.கி., தேவைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஆஸ்பிரின் வாங்கிப் போட வேண்டாம். தலைக்கு இரண்டு தலையணை. துணியில் சுற்றிய ஐஸை முதல் இரண்டு நாள் கன்னத்தில், ஒரு முறைக்கு 10 நிமிடம் வைக்கலாம், கட்டின் மேல் கூடாது. இரண்டு வாரம் மூக்கு சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்புநீர்ச் சொட்டு மருந்து போடலாம். சைலோமெட்டசோலினை ஐந்து நாளுக்கு மேல் தொடர வேண்டாம். கண்ணாடி அணிபவர்கள் ஆறு வாரத்துக்கு அதை மூக்கில் தாங்க வைக்காமல் நெற்றியில் டேப் போட்டுத் தூக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். கபடி, குத்துச்சண்டை, கால்பந்து எல்லாம் ஆறு வாரம் கழித்து. தலைக்கு ஊற்றும்போது கட்டு நனையக் கூடாது, பின்னால் சாய்ந்து ஊற்றச் சொல்லுங்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகளைக் கூட வந்தவரிடமும் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் அடைத்து வலி ஏறுவது, காய்ச்சல், நிற்காத ரத்தம், தண்ணீர் போல ஒழுகுவது, பார்வை மங்குவது, கழுத்தை அசைக்க முடியாத தலைவலி.

மறுநாளோ இரண்டாம் நாளோ நடுச்சுவரை மட்டும் பார்க்க ஒரு சந்திப்பு. ஏழாம் நாள் கட்டு பிரிப்பு. எண்ணெயோ ஈரமோ தடவி மெதுவாக உரித்தெடுங்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். மூன்றாம் மாதம் ஒரு முறை அதே ஐந்து கோணத்தில் போட்டோ. அப்போதும் கோணலோ அடைப்போ இருந்தால், அடிபட்டு ஆறு மாதம் ஆன பிறகு மூக்கையும் நடுச்சுவரையும் சேர்த்துத் திருத்தும் அறுவையான செப்டோரைனோபிளாஸ்டிக்கு எழுதி அனுப்புங்கள். அனுப்பும் சீட்டில் அடிபட்ட தேதி, நிமிர்த்திய தேதி, நடுச்சுவரின் அன்றைய நிலை மூன்றும் இருக்கட்டும். பழைய போட்டோக்களையும் நோயாளியின் செல்போனுக்கே அனுப்பி வையுங்கள்.